எடுத்து வைத்த இரும்பு

எங்கள் தெரு முழுக்கப் பழைய இரும்புக்கடைதான். அதில் ஒன்று என்னுடையது. பக்கத்துக் கடையின் பலகையில் என் அண்ணன் பெயர் இருக்கும். பலகையை நம்ப வேண்டாம், அது அண்ணியின் கடை. அண்ணன் காலையில் மூன்று சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினால் தெருத்தெருவாகச் சுற்றிப் பழையதை ஏற்றிக்கொண்டு வருவார். அதோடு அவர் வேலை முடிந்தது. எடை போடுவது, பிரிப்பது, உடைப்பது, சாயங்காலம் உருக்காலை லாரிக்காரனோடு மல்லுக்கு நிற்பது எல்லாம் அண்ணிதான். தெருவில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவர் அண்ணிதான். வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவும் மாட்டார்.

இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்பு. அந்தப் பக்கம் அவர் யாரைத் திட்டினாலும் முதலில் என் காதில்தான் விழும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் அப்பா மருந்துக்கடையில் வேலை பார்த்தவர். சுத்தமான வீடு. இங்கே வந்த புதிதில் துருப்பிடித்த கையை மணிக்கொரு தரம் சோப்புப் போட்டுக் கழுவுவார். என் அப்பா பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணு சோப்புக்கே கடையை எழுதி வச்சிடும்" என்றார். அண்ணிக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றைக்கு நிறுத்தினார் கழுவுவதை. அடுத்த மழைக்காலம் வருவதற்குள் அப்பாவைத் தராசுக்குப் பக்கத்தில்கூட உட்கார விடவில்லை.

இதையெல்லாம் நான் பாசத்தில் எழுதவில்லை. எரிச்சலில் எழுதுகிறேன். ஒரு மனுஷியின் நல்ல பழக்கத்தை எடுத்து, அதையே கயிறாகத் திரித்து, ஒரு தெருவின் கழுத்தில் போடப் பார்த்தார்கள். அதை யாராவது எழுதி வைக்க வேண்டும். படித்தவன் எழுதமாட்டான். அவனுக்கு இரும்பென்றால் சன்னல் கம்பி.

முதலில் அந்தப் பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பல வருஷத்துக்கு முன்னால் முடிவெட்டுகிறவர் ஒருவர் தன் நாற்காலியைக் கொண்டுவந்து எடைக்குப் போட்டார். உயர்த்தி இறக்குகிற பெரிய நாற்காலி. தொழிலை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகிறேன் என்றார். காசை வாங்கிக்கொண்டு போனவர் வாசலில் நின்று நாற்காலியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நாங்கள் கண்டுகொள்ளவில்லை. பிரித்தோம், உடைத்தோம், லாரியில் ஏற்றினோம். சில நாள் கழித்து அவர் வந்தார். வேறு வேலை ஒத்துவரவில்லையாம். நாற்காலி எங்கே என்று கேட்டார். கால் வைக்கிற மிதிப்பலகை மட்டும் ஒரு மூலையில் கிடந்தது. அதை எடுத்துத் துடைத்துப் பார்த்தார். என்ன செய்வார் அதை வைத்து? ஆனாலும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

அண்ணி அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் கடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையை ஒழித்து, ஒரு ரேக் அடித்து, பூட்டுப் போட்டார். அதிலிருந்து ஒரு வழக்கம். பொருளை விற்றுவிட்டுப் போகிறவர் வாசலில் திரும்பிப் பார்த்தால் அந்தப் பொருள் லாரிக்குப் போகாது, ரேக்குக்குப் போகும். பார்க்காமல் போனால் உருக்காலைக்கு. அவ்வளவுதான் சட்டம்.

அதற்காக அவரைத் தெய்வம் என்று நினைத்துவிட வேண்டாம். திரும்பி வருகிறவர்களிடம் அவர் பேசுவதைக் கேட்க வேண்டும். "என் கடை என்ன உங்க வீட்டு அலமாரியா? வேணாம்னா வைக்கிறதுக்கும் வேணும்னா எடுக்கிறதுக்கும்?" என்பார். இடத்துக்கு வாடகை என்று கொஞ்சம் கூடவே வாங்குவார். ஆனால் பொருள் இருக்கும். தையல் மெஷினின் தலை, குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள், நடக்க முடியாதவர் பிடித்து நடக்கிற கம்பி, வால்வு போன ரேடியோ என்று ஏதாவது அதில் எப்போதும் இருக்கும். அண்ணன் அதற்கு மியூசியம் என்று பெயர் வைத்தார்.

"மியூசியத்துல டிக்கெட் போட்டா நான் வண்டி மிதிக்க வேண்டியதில்லை" என்பார்.

"முதல்ல உங்களைத்தாங்க வைக்கணும் உள்ளே. ஆனா உங்களை வித்துட்டுப் போகும்போது யாரு திரும்பிப் பாப்பாங்கன்னுதான் தெரியலை" என்பார் அண்ணி.

எனக்கு அந்த ரேக் பிடிக்காது. என் கடையின் அகலம் ஒரு ஆள் கையை விரித்தால் முடிந்துவிடும். அண்ணியின் கடையும் அப்படித்தான். அந்த அறையில் எவ்வளவு தகரம் போடலாம் என்று பலதரம் சொல்லியிருக்கிறேன். அவர் காதில் வாங்கமாட்டார்.

மசோதா வந்தது மழை நின்ற பிறகு. செய்தித்தாளில் பார்த்துவிட்டு டீக்கடைக்காரர்தான் சொன்னார். பழைய பொருள் வாங்கி விற்கிறவர்களுக்கு மாநில அரசு புதுச் சட்டம் கொண்டுவருகிறதாம். வாங்கிய ஒவ்வொரு பொருளையும் ஒரு மாதம் தொடாமல், உடைக்காமல், கூரை போட்ட இடத்தில் தனியாகப் பூட்டி வைக்க வேண்டும். போலீஸ் எப்போது வந்து கேட்டாலும் காட்ட வேண்டும். இல்லையென்றால் உரிமம் போய்விடும். காரணம், ஊரில் செம்புக் கம்பியும் சாக்கடை மூடியும் திருட்டுப் போகின்றன.

திருட்டு நடக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். நடக்கிறது. எங்கள் தெருவிலேயே வாங்குகிற ஒன்றிரண்டு பேர் யார் என்று போலீசுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அவர்களைப் பிடிக்க ஒரு வண்டி போதும். அதை விட்டுவிட்டு, ஓட்டை வாளியையும் ஒடிந்த கட்டில் காலையும் ஒரு மாதம் பூட்டி வை என்றால் எங்கே வைப்பது? தலையிலா? காலையில் வாங்கிச் சாயங்காலம் விற்றால்தான் மறுநாள் வாங்கக் கையில் காசு. ஒரு மாதம் என்றால் கடை இல்லை. இது சட்டம் எழுதினவனுக்குத் தெரியாதா? தெரியாதென்றால் அவன் ஏன் எழுதுகிறான்? தெரியுமென்றால் அவனை என்னவென்று சொல்வது? நான் சொல்வேன், அச்சடிக்கமாட்டார்கள்.

சங்கத் தலைவர் கூட்டம் போட்டார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எங்களைப் போலக் கடைக்காரர் இல்லை. நாங்கள் விற்பதை மொத்தமாக வாங்கி லாரியில் உருக்காலைக்கு அனுப்புகிறவர். ஊருக்கு வெளியே பள்ளிக்கூடம் மாதிரி நீளமாக ஒரு கிடங்கு வைத்திருக்கிறார். மெதுவாகப் பேசுவார். யாரைப் பார்த்தாலும் தோளில் கை வைப்பார். கை வைத்தபின் தோள் கொஞ்சம் இளைத்த மாதிரி இருக்கும்.

"யாரும் பயப்பட வேண்டாம். சட்டமன்றக் குழு கருத்துக் கேக்க நம்ம ஊருக்கே வருது. ஒரே குரல்ல சொல்லுவோம். எந்தக் கடையிலயும் சரக்கு ராத்தங்காது, தங்க இடமே இல்லைன்னு சொல்லுவோம். சொன்னா விட்டுடுவாங்க" என்றார்.

"யாரு பேசறது?" என்று கேட்டார் பித்தளைக்காரர். அவர் தெருக்கோடியில் பித்தளையும் செம்பும் மட்டும் வாங்குகிறவர். தன்னைத்தான் சொல்வார்கள் என்று சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கொண்டார்.

"அண்ணி பேசட்டும்" என்றார் தலைவர். "அவங்க பேசினா மறுபேச்சு இருக்காது."

பித்தளைக்காரர் காலரை விட்டுவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

குழு வந்து உட்கார்ந்தது நகராட்சி மண்டபத்தில். நீள மேசை, வெள்ளைத் துணி, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். எங்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. அண்ணி முதல் வரிசையில், நான் அவருக்குப் பின்னால். அவர் கையைப் பார்த்தேன். பல வருஷத்துக்குப் பிறகு நகக்கண் வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார்.

நன்றாகத்தான் பேசினார். இடம் இல்லை, மழை வந்தால் ஒழுகும், காசு முடங்கும், ஏழை பாழை கொண்டுவருகிற சாமானை வாங்க ஆள் இருக்காது என்று அழகாக அடுக்கினார். நடுவில் இருந்த கண்ணாடி போட்ட உறுப்பினர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு பேனாவைத் திருகிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்.

"அப்போ உங்க கடையில வாங்கின பொருள் எவ்வளவு நேரம் இருக்கும்?"

"சாயங்காலம் லாரி வர்ற வரைக்கும்."

"ஆக, காலையில திருடின பொருள் சாயங்காலம் உருகிடும்."

மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் ஆட்களிலும் ஒருத்தன் சிரித்தான், அவனை எனக்குத் தெரியும். அண்ணியின் பின்கழுத்து சிவந்ததை நான் பார்த்தேன். "அண்ணி, விடுங்க" என்று குனிந்து சொன்னேன். என் குரல் தகரத் தடுப்பைத் தாண்டினால்தான் அவர் காதில் ஏறும் போலிருக்கிறது.

"சார், எதை உருக்கணும், எதை வைக்கணும்னு எனக்குத் தெரியும்" என்றார். "திருட்டுப் பொருள் வாங்கிப் பிழைக்கிற குடும்பம் இல்லை எங்க குடும்பம். சந்தேகமா இருந்தா என் கடைக்குப் பின்னாடி வந்து பாருங்க. எத்தனை பேர் சாமானை மாசக்கணக்கா எடுத்து வச்சிருக்கேன்னு பாருங்க."

பேனா நின்றது.

"மாசக்கணக்காவா?"

"ஆமா."

"பூட்டியா?"

"பின்னே தெருவுலயா போடுவேன்? பூட்டித்தான்."

"யார் கேட்டு வந்தாலும் எடுத்துக் காட்டுவீங்களா?"

"உடையவங்க வந்தா காட்டுவேன், குடுப்பேன்."

உறுப்பினர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்து நல்ல மரியாதையாகச் சொன்னார். "அம்மா, இந்த மசோதா கேக்கிறது இதைத்தானே? நீங்க ஏற்கனவே செஞ்சுக்கிட்டிருக்கீங்க. மத்தவங்களால முடியாதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

   நேரில் வந்து பார்க்கிறோம் என்று சொல்லிக் குழு எழுந்தது. தண்ணீர் பாட்டில்களை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். அண்ணன் காலி பண்ணி எடுத்து வண்டியில் போட்டுக்கொண்டார். பழக்கம்.

தெருவுக்கு வந்ததும் ஆரம்பித்தது. பித்தளைக்காரர் நடுத்தெருவில் நின்றுகொண்டு, "ஒரே மூச்சுல எங்க எல்லாரையும் எடைக்குப் போட்டுட்டாங்க. அண்ணியாம் அண்ணி" என்றார். இன்னொருத்தர் கடையை மூடிவிட்டுக் காவல் வேலைக்குப் போக வேண்டியதுதான் என்றார். சங்கத்திலிருந்து அண்ணியை நீக்க வேண்டும் என்று கிளப்பிவிட்டார்கள். நான் என் பங்குக்குத் தகரத் தடுப்பின் இந்தப் பக்கம் நின்று கத்தினேன்.

"அண்ணி, ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தையை முழுங்கியிருக்கக் கூடாதா?"

"அவன் திருட்டுக் கூட்டம்னு சிரிப்பான், நான் பல்லைக் காட்டிட்டு வரணுமா?"

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான். கடை போகுதே."

"கடை போனா போகட்டும் தம்பி. பேரு போனா எங்க போய் வாங்குவே? எடைக்கா?"

"பேரை வச்சு உலை வைக்க முடியுமா?"

அந்தப் பக்கம் ஏதோ தகரம் வந்து தடுப்பில் மோதியது. பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

மறுநாள் தலைவர் வந்தார். கோபமே இல்லை. என் தோளில் கை வைத்தார். "நடந்தது நடந்துடுச்சு. சட்டம் வந்தா வரட்டும். என் கிடங்கு சும்மாதானே கிடக்கு? ஆளுக்கொரு ரேக் தர்றேன். பூட்டு, சாவி, கூரை எல்லாம் சட்டப்படி. வாடகை பாத்துக் குடுங்க. உங்க அண்ணிகிட்டயும் சொல்லுங்க, எனக்கு அவங்க மேல வருத்தமே இல்லை."

எவ்வளவு பெரிய மனசு என்றுதான் நினைத்தேன். சத்தியமாக.

அந்த வாரமே சரக்கோடு அவர் கிடங்குக்குப் போனேன். வாசலில் வண்டியை விட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒரு முழுப்பக்கம் ரேக். தரையிலிருந்து கூரை வரை. ஒவ்வொன்றுக்கும் கம்பி வலைக் கதவு, பூட்டுக்கு வளையம். கால்கள் எல்லாம் பழைய ஆங்கிள், எல் வடிவ இரும்புச் சட்டம். பச்சைப் பெயிண்ட், ஓரத்தில் ஒரு மஞ்சள் கோடு.

அந்த மஞ்சள் கோட்டை எனக்குத் தெரியும். இடித்த ஒரு பஸ் நிறுத்தக் கூரையின் ஆங்கிள் அது. மழைக்கு முன்னால் மொத்தமாக நான்தான் வாங்கினேன். வாங்கிய கையோடு ஒரு வெல்டர் வந்து அத்தனையையும் எடுத்துக்கொண்டு போனார்.

வெல்டர் அங்கேயேதான் இருந்தார். ஒரு கதவுக்குக் கீல் வைத்துக்கொண்டிருந்தார். "இதெல்லாம் எப்போ அடிச்சது?" என்று கேட்டேன்.

"மழைக்கு முன்னாடியே பாதிக்கு மேல முடிஞ்சுடுச்சே. உங்ககிட்டதானே ஆங்கிள் எடுத்தேன். நல்ல சரக்கு. இன்னும் இருக்கா?"

எங்கள் தொழிலில் ஒரு குருட்டுத்தனம் உண்டு. வருகிற இரும்பைப் பார்த்தால் ஆயிரம் கேள்வி கேட்போம். எங்கே எடுத்தது, யாருடையது, ஏன் விற்கிறாய் என்று குடைந்துவிடுவோம். போகிற இரும்பைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கமாட்டோம். விலை படிந்தால் போதும். எங்கள் கழுத்துக்கு அடித்த ரேக்குக்கு நானே காலைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். நல்ல நேரானதாகப் பார்த்து.

மழைக்கு முன்னால் மசோதா என்ற பேச்சே இல்லை. எங்களுக்கு இல்லை. அவருக்கு இருந்திருக்கிறது. யார் சொன்னது, யார் வீட்டில் உட்கார்ந்து எழுதியது, எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதமாட்டேன். ரேக் இருந்தது, அதை என் கண்ணால் பார்த்தேன்.

கடைக்கு வந்து தடுப்பைத் தட்டினேன். பல நாளாகப் பேச்சில்லை. "என்ன?" என்றார் அண்ணி. எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் நின்றுவிட்டது.

"ஆங்கிள் நீயா வித்தே?"

"நான்தான்."

"எதுக்குன்னு கேக்கலையா?"

"யாரு அண்ணி கேக்கறாங்க?"

சுத்தியலைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னார். "போன வருஷம் ஒருநாள் அந்தத் தலைவரு என் பின்னறைக்கு வந்து நின்னாரு. தையல் மெஷினை விலைக்குக் கேட்டாரு. தரமாட்டேன், உடையவங்க வருவாங்கன்னு சொன்னேன். எவ்வளவு நாளா வச்சிருக்கேன்னு கேட்டாரு. மாசக்கணக்கான்னு நான்தான் பெருமையா சொன்னேன்."

"அதான் உங்களைப் பேசச் சொன்னாரா?"

"பின்னே, என் குரல் இனிமையா இருக்குன்னா?"

அவ்வளவு கோபத்தை அவர் முகத்தில் நான் பார்த்ததில்லை என்று எழுதலாம் என்று பார்த்தால், நடுவில் தகரம். குரலைத்தான் கேட்டேன். கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அண்ணியை நீக்குவதற்கென்று போட்ட கூட்டத்தில் நான் எழுந்து பச்சை ஆங்கிள் கதையைச் சொன்னேன். தலைவர் பதறவே இல்லை.

"முன்யோசனை தப்பா? நாளைக்குத் தேவைப்படும்னு தோணுச்சு, அடிச்சேன். யாருக்காக? உங்களுக்காகத்தானே?"

இப்போது எல்லோரும் கொதிப்பார்கள் என்று நினைத்தேன். பித்தளைக்காரர் கையைத் தூக்கினார். "தலைவரே, வாசல் பக்கத்து ரேக்கை எனக்கு வச்சுடுங்க. செம்பு பாருங்க, வெளிச்சம் வேணும்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை அப்படியே தூக்கி வெளிச்சத்தில் வைத்திருப்பேன். அண்ணி என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு எழுந்தார்.

"என்னை நீக்கறதா இருந்தா நீக்கிக்கோங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். குழு என் ரேக்கைப் பாக்க வருது. அன்னைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாரும் லாரிக்குச் சரக்குக் குடுக்காதீங்க. வாங்கினது அத்தனையும் என் கடையில கொண்டுவந்து போடுங்க. எல்லாத்தையும் நான் வைக்கிறேன்."

"இடம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"அதைத்தான் அவங்களுக்குக் காட்டணும்."

தலைவர் சிரித்தார். சிலர் மட்டும் சிரிக்கவில்லை.

குழு வருகிற அன்று காலையிலிருந்தே வந்தார்கள். எல்லோரும் வந்தார்கள் என்று பொய் சொல்லமாட்டேன். பாதிப்பேர் வந்திருப்பார்கள். என் கடைச் சரக்கு முதலில் போனது. வாளி, பீப்பாய், கட்டில், சைக்கிள் சட்டம், நசுங்கிய பீரோ, யாரோ ஒருவருடைய மாடிப்படி. பின்னறை நிறைந்தது, கடை நிறைந்தது, வாசல் நிறைந்தது. ரேக்கில் இருந்ததை எடுக்காமல் இடமில்லை. அண்ணியே ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்து எதிர்ப்பக்கச் சுவரோரம் வைத்தார். தையல் மெஷின், சின்ன சைக்கிள், நடைக்கம்பி, ரேடியோ. அண்ணன் ரேடியோவின் மேல் தன் துண்டைப் போட்டு மூடினார். "தூசி படும்" என்றார். மியூசியம் என்று சொன்ன ஆள்.

பித்தளைக்காரர் கடைசியில் வந்தார், ஒரு சாக்கு செம்போடு. யார் முகத்தையும் பார்க்கவில்லை. "பத்திரமா வைங்க" என்று மட்டும் சொன்னார்.

"இதுல எதை நான் பத்திரமா வைக்க? மேல போடுங்க" என்றார் அண்ணி.

குழுவின் கார் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. கண்ணாடிக்காரர் இறங்கி நடந்து வந்தார். கூடவே தலைவர், குடை பிடிக்காத குறை.

"அந்த ரேக் எங்கேம்மா?"

"உள்ளதான் இருக்கு. ஏறிப் போங்க."

அவர் குவியலைப் பார்த்தார். "இதெல்லாம் என்ன?"

"இது ஒரு நாள் சார். இன்னைக்குக் காலையில இருந்து வந்தது. அதுவும் தெருவுல பாதிதான். ஒரு மாசம் கேட்டிருக்கீங்க. மிச்சத்தை எங்க போடணும்னு காட்டுங்க, போட்டுடறோம்."

"சுவரோரம் இருக்கறது?"

"அதுதான் நான் எடுத்து வச்சிருந்தது. உங்க சட்டத்துக்கு இடம் விட்டு வெளியே வந்துடுச்சு."

அவர் எழுதினார். அதை எழுதினார், ஒத்துக்கொள்கிறேன். குவியலைச் சுற்றி வந்து படமும் எடுத்துக்கொண்டார். பிறகு தலைவர் இடையில் புகுந்து, ஊருக்கு வெளியே வசதியான கிடங்கு இருக்கிறது, சின்ன வியாபாரிகளுக்கு நியாயமான வாடகைக்குத் தருவதாக இருக்கிறோம் என்றார். உறுப்பினர் அதையும் எழுதினார்.

"அந்த ரேக்கெல்லாம் எப்போ அடிச்சதுன்னு கேட்டு எழுதிக்கோங்க சார்" என்றார் அண்ணி. "மசோதா பேப்பர்ல வர்றதுக்கு முன்னாடி. ஆங்கிள் வித்தது இதோ நிக்கறான், என் கொழுந்தன்."

கண்ணாடிக்காரர் என்னைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். பேனாவுக்கு மூடியைப் போட்டார். நன்றி என்று சொல்லிவிட்டுக் காருக்கு நடந்தார். அவர் மூடி போட்ட அந்தச் சத்தம் இருக்கிறதே, அது இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. எங்கள் ஓட்டை வாளியை எழுத மை இருந்தது. இதை எழுத இல்லை.

மசோதாவை அடுத்த கூட்டத்தொடருக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள். எங்களால்தான் என்று நான் மார்தட்டமாட்டேன். அந்த வாரம் சட்டமன்றத்தில் வேறு ஏதோ சண்டை, நாற்காலி பறந்ததாம். நல்ல கனமான நாற்காலியாக இருந்திருக்கும். எங்கள் தெருவில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. தலைவர் தலைவராகவே இருக்கிறார். அண்ணியை நீக்கும் பேச்சை யாரும் எடுக்கவில்லை, நீக்கவில்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

போன வாரம் வெல்டர் ஒரு வண்டி நிறைய ஆங்கிளோடு என் கடை வாசலில் வந்து நின்றார். பச்சை, ஓரத்தில் மஞ்சள் கோடு. ரேக்கைப் பிரித்துவிட்டார்களாம், கிடங்கில் இடத்தை அடைக்கிறதாம். வேறு சரக்கு வருகிறதாம். தலைவர் விற்றுவரச் சொன்னாராம்.

"என் கடையில இது ஏறாது" என்றேன். "ஆத்துல கொண்டுபோய்ப் போடச் சொல்லு."

தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "இங்க கொண்டு வாங்க."

வெல்டர் இறக்கினார். அண்ணி எடை போட்டார், காசு கொடுத்தார், ஒரு பைசா குறைக்கவில்லை. வண்டி திரும்பும்போது எதேச்சையாகத் தெருமுனையைப் பார்த்தேன். தலைவரின் கார் அங்கே நின்றுகொண்டிருந்தது. கண்ணாடி பாதி இறங்கியது. உள்ளிருந்து ஒரு முகம் அண்ணியின் கடை வாசலில் கிடந்த பச்சை ஆங்கிளைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு கண்ணாடி ஏறியது, கார் போய்விட்டது.

அண்ணியும் பார்த்திருக்கிறார்.

"திரும்பிப் பாத்தாரு" என்றார். "தம்பி, இந்தப் பக்கம் வந்து ஒரு கை பிடி. ரேக்குல ஏத்தணும்."

"அவனுக்கா? அவன் சரக்கையா எடுத்து வைக்கப் போறீங்க? உங்களுக்கு என்ன மூளை கலங்கிடுச்சா?"

"வருவாரு. அடுத்த கூட்டத்துல மசோதா திரும்பி வரும், அதுக்கு முன்னாடி திரும்ப ரேக் அடிக்க இவரு வருவாரு இதைக் கேட்டு. அது எந்த நாள்னு எனக்குத் தெரியணும். இந்தத் தடவை பேப்பர்ல பாத்துத் தெரிஞ்சுக்க மாட்டேன்."

நான் ஒரு முனையைப் பிடித்தேன். அண்ணி மறுமுனையைப் பிடித்தார். தையல் மெஷினைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளினோம்.

"கேட்டு வந்தா குடுத்துடுவீங்களா?"

"வழக்கம்னா வழக்கம்தானே, குடுப்பேன்" என்றார் அண்ணி, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு. "ஆனா எதுக்குன்னு கேப்பேன். தெருவே கேக்கற மாதிரி கேப்பேன்."

பூட்டைப் போட்டு ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.